“ஒரு ஊசி போட்டு முடிச்சிடுங்க டாக்டர்” – வாசகர் கேள்வி பதில்

தீராத நோயாளிகள் சாவதற்கு மருத்துவர் உதவலாமா என்ற விவாதத்தைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். களியக்காவிளையிலிருந்து பாலக்காடு வரை, மலையின் இரண்டு பக்கமிருந்தும் கடிதங்கள் வந்தன. வலி நிவாரண சிகிச்சை மருத்துவர் ஒருவரும் வழக்கறிஞர் ஒருவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

அப்பாவுக்கு வாய்ப்புற்று. திருவனந்தபுரத்தில் பார்த்துவிட்டு, இனி சிகிச்சை இல்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ராத்திரி முழுக்க முனகுகிறார். “ஒரு ஊசி போட்டு முடிச்சிடச் சொல்லு மோளே” என்கிறார். டாக்டர் அப்படிச் செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறதா?
– வாசகி, மார்த்தாண்டம்

இடம் இல்லை. மருத்துவரே ஊசி போட்டால் அது கொலை தொடர்பான குற்றம். நோயாளி சம்மதித்தார் என்றால் குற்றத்தின் கடுமை குறையலாமே தவிர, குற்றம் இல்லை என்று ஆகாது. மருந்தை எழுதிக்கொடுத்து நோயாளி தானே குடித்தாலும், தற்கொலைக்குத் துணைபோனதாகக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 108வது பிரிவு பாயும். 10 ஆண்டு வரை சிறை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி எங்களை உறுத்துகிறது. அப்பா என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று எழுதிய பட்டியலில் பாரசிட்டமாலும் டிராமடாலும்தான் இருக்கின்றன. கடும் வலிக்கான மார்பின் என்ற மருந்து இல்லை. வாய்ப்புற்று இந்தக் கட்டத்தில் தரும் வலிக்கு அந்த இரண்டும் போதாது. அப்பா சாவைக் கேட்கிறாரா, வலி நிற்க வேண்டும் என்று கேட்கிறாரா என்பதை, வலியை நிறுத்திப் பார்த்த பிறகுதான் யாராலும் சொல்ல முடியும்.

மார்பின் மாத்திரையாகவே வருகிறது, ஊசி வேண்டியதில்லை. வழக்கமாக 5 மி.கி.யில் தொடங்கி 4 மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுப்பார்கள். வயதானவர், மெலிந்தவர் என்றால் 2.5 மி.கி. வலி வந்த பிறகு கொடுப்பது தவறு. கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். பின்னிரவு டோஸுக்காக எழுப்பாமல் இருக்க, படுக்கும்போது இரட்டை அளவு எழுதுவது உண்டு. நடுவில் வலி கிளம்பினால் ஒரு வேளை அளவைக் கூடுதலாகக் கொடுக்கலாம். அப்படி எத்தனை முறை கொடுத்தீர்கள் என்று நோட்டில் குறித்து வையுங்கள். அதைப் பார்த்துத்தான் மருத்துவர் அளவை ஏற்றுவார். நீங்களாக ஏற்றக் கூடாது.

எங்கே கெடுகிறது என்றால், பெரும்பாலும் மலச்சிக்கலில். மார்பின் எடுக்கும் நாளெல்லாம் மலச்சிக்கலும் இருக்கும், பழகிப் போகாது. அதனால் முதல் நாளிலிருந்தே மலமிளக்கி சேர்ந்து எழுதப்பட வேண்டும். அதை விட்டால் ஐந்தாம் நாள் வயிறு உப்பி, “மார்பின் ஒத்துக்கல” என்று நிறுத்திவிடுவார்கள். வாந்தி முதல் சில நாள்தான். அதற்குத் தனி மாத்திரை உண்டு. சிறுநீரகம் பழுதானவருக்கு மார்பின் உடம்பில் தேங்கும். எழுப்பினாலும் எழாத தூக்கம், கை கால் வெட்டி வெட்டி இழுப்பது, மூச்சு மிகவும் மெதுவாவது தெரிந்தால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அப்பாவுக்கு மூக்கில் டியூப் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் சாதாரண மார்பின் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து விட்டு, மேலே 30 மி.லி. தண்ணீர் விடலாம். ஆனால் 12 மணி நேரம் மெல்ல மெல்ல வேலை செய்யும் வகை மாத்திரையை ஒருபோதும் பொடிக்கக் கூடாது. முழு மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

புண்ணின் நாற்றத்துக்கு மெட்ரோநிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவச் சொல்வார்கள். பலரும் வெட்கப்பட்டுக் கேட்காமலே விடும் விஷயம் இது. புழு வைத்தாலும் பதற வேண்டாம், நர்ஸ் டர்பன்டைன் பஞ்சு வைத்து எடுத்துவிடுவார். கழுத்துப் பக்கம் ரத்தம் கசியத் தொடங்கினால், கைக்கு எட்டும் இடத்தில் கருஞ்சிவப்புத் துண்டு இரண்டு வையுங்கள். வெள்ளைத் துணியில் பரவும் ரத்தம் நோயாளியை மிரட்டும்.

மார்பின் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளால் பல ஆஸ்பத்திரிகள் அதை வைத்துக்கொள்ளவே அஞ்சின. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் ஒரே அனுமதியில் வாங்கி வைக்க வழி பிறந்தது. உங்களுக்குப் பக்கம் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி. அங்கே வலி நிவாரணப் பிரிவில் விசாரியுங்கள். திருவனந்தபுரத்தில் வாங்கினால் மருந்துச் சீட்டையும் டிஸ்சார்ஜ் தாளையும் மாத்திரையோடு சேர்த்தே வைத்துக்கொண்டு எல்லை தாண்டுங்கள். வீட்டுக்கே ஆள் வர வேண்டுமென்றால் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுக்கை நோயாளிகளுக்கான வீட்டுச் சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள்.

வென்டிலேட்டரை எடுப்பதும் கருணைக் கொலைதானே? அதை மட்டும் உச்ச நீதிமன்றம் எப்படி அனுமதித்தது?
– வாசகர், நாகர்கோவில்

‘கருணைக் கொலை’ என்ற சொல்லே இந்தக் குழப்பத்துக்குப் பாதி காரணம். எங்கள் பத்திரிகைகள் அதைக் கைவிட்டால் நல்லது. பலன் தராத சிகிச்சையை நிறுத்தும்போது நோய்தான் கொல்கிறது. ஊசி போடும்போது ஊசி கொல்கிறது. மரணம் ஒன்றுதானே என்று வாதிடும் தத்துவ அறிஞர்கள் உண்டு. ஆனால் நம் சட்டம் இரண்டையும் வேறு வேறாகவே பார்க்கிறது.

1996இல் ஞான் கவுர் வழக்கில், வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மும்பை செவிலியர் அருணா ஷான்பாக் 1973இல் தாக்கப்பட்டு, நினைவு திரும்பாமலே 2015 வரை கிடந்தவர். அவர் தொடர்பான வழக்கில் 2011 மார்ச் 7 அன்று, உயர் நீதிமன்ற அனுமதியோடு உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்தலாம் என்று தீர்ப்பு வந்தது. அவர் விஷயத்தில் அந்த அனுமதி தரப்படவில்லை. அவரைப் பராமரித்த ஆஸ்பத்திரி ஊழியர்களின் விருப்பத்தை நீதிமன்றம் மதித்தது. 2018 மார்ச் 9 அன்று காமன் காஸ் வழக்கில் ஐந்து நீதிபதிகள், கண்ணியத்தோடு இறப்பது அரசியல் சட்டத்தின் 21வது பிரிவு தரும் உரிமை என்றார்கள். பேச முடியாத நிலை வந்தால் என்ன சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் ‘லிவிங் வில்’ அன்றுதான் செல்லுபடியானது. சொல்லப்போனால் 2018இல் வகுத்த நடைமுறை யாருக்கும் நடக்காத காரியமாக இருந்தது. 2023 ஜனவரி 24 அன்று அதை எளிதாக்கினார்கள்.

நெதர்லாந்திலும் அமெரிக்காவின் ஓரிகனிலும் சட்டமே இருக்கிறது. நாகரிக நாடுகள் ஏற்றதை நாம் ஏன் மறுக்க வேண்டும்? வடக்கிருந்து உயிர்விட்ட கோப்பெருஞ்சோழனைப் போற்றும் தமிழர்களுக்கு இதில் என்ன தயக்கம்?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

ஓரிகனில் சட்டம் 1997இல் நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதத்துக்குள் இறந்துவிடுவார் என்று இரண்டு மருத்துவர்கள் உறுதி செய்ய வேண்டும். நோயாளி இரண்டு முறை வாய்மொழியாக, வழக்கமாக 15 நாள் இடைவெளியில், கேட்க வேண்டும். ஒரு முறை எழுத்திலும் கேட்க வேண்டும். மருந்தைத் தானே குடிக்க வேண்டும். மருத்துவர் ஊட்டக் கூடாது. நெதர்லாந்தில் 2002 முதல் மருத்துவரே ஊசி போடலாம். அங்கே ஆறு மாதக் கணக்கு இல்லை. தாங்க முடியாத, மீள வழியில்லாத துன்பம் என்பதே அளவுகோல். தொடர்பில்லாத இன்னொரு மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும், ஒவ்வொரு மரணமும் ஆய்வுக் குழுவுக்குப் போக வேண்டும். கனடா 2016இல் மரணத்தை நெருங்கியவர்களுக்கு என்று தொடங்கி, 2021இல் மரணம் அருகில் இல்லாதவர்களுக்கும் கதவைத் திறந்தது.

இதற்கு ஆதரவான வாதம் வலுவானது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். மார்பின் எல்லாவற்றையும் தீர்க்காது. ஓரிகனில் மருந்து கேட்டவர்கள் ஆண்டுதோறும் முதலில் சொல்லும் காரணங்கள் தன் காரியத்தைத் தானே பார்க்க முடியாமை, மனதுக்குப் பிடித்ததைச் செய்ய முடியாமை, மானம் போவது ஆகியவைதான். வலி அதற்குப் பின்னால்தான் வருகிறது. மருந்துச் சீட்டு வாங்கியவர்களில் கணிசமானவர்கள் அதைக் குடிக்காமலே இறக்கிறார்கள். கையில் வழி இருக்கிறது என்ற தெம்பே அவர்களுக்குப் போதுமாக இருந்திருக்கலாம். இதை யாரும் எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனால் அதே பட்டியலில் இன்னொரு காரணமும் பலராலும் சொல்லப்படுகிறது: “வீட்டாருக்குப் பாரமாகிவிட்டேன்.” எங்களை நிறுத்துவது இதுதான். விருதுநகர், மதுரை, தேனிப் பக்கம் தலைக்கூத்தல் என்ற பெயரில் முதியவர்கள் கொல்லப்பட்டது மலைக்கு இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அங்கே கிழவியின் சம்மதம் கேட்கப்பட்டிருந்தால் அவரும் தலையாட்டியிருப்பார். பாரம் என்று உணரவைக்கப்பட்டவரின் சம்மதத்தை எப்படிச் சம்மதம் என்று எடுப்பது? வீட்டுக்கு நர்ஸ் வராத ஊரில், மார்பினுக்கு 60 கிலோமீட்டர் பஸ் ஏற வேண்டிய ஊரில், ஊசிக்கு முதலில் சட்டம் வந்தால் ஏழைக்கு அது தேர்வாக இருக்காது. வலி நிவாரண சிகிச்சை ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் வந்த பிறகு இந்த விவாதத்தை மறுபடி தொடங்கலாம். அன்று எங்கள் பதில் மாறவும் கூடும்.

கேரளம் இதில் முன்னால் போனது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் சேர்ந்து தொடங்கிய அமைப்பிலிருந்து, 2008இல் மாநில அரசே வலி நிவாரண சிகிச்சைக் கொள்கை அறிவிக்கும் வரை வளர்ந்தது. உங்கள் பஞ்சாயத்திலும் கிடப்பு நோயாளிகளைத் தேடி வரும் நர்ஸ் இருப்பார், கேட்டுப் பாருங்கள்.

கோப்பெருஞ்சோழன் நோயில் கிடந்து வடக்கிருக்கவில்லை. அது மானம் காக்க ஒரு மன்னன் எடுத்த முடிவு. அதில் மருத்துவர் யாரும் இல்லை.

இதைப் படிக்கும் யாருக்காவது, நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். தீராத நோயோடு வரும் மனச்சோர்வும் மருந்துக்குக் கட்டுப்படும் நோய்தான்.

லிவிங் வில் எழுத நினைக்கிறேன். என் ஊர் செங்கோட்டை. சீக்கு வந்தால் புனலூருக்கோ திருவனந்தபுரத்துக்கோதான் ஓடுவோம். எங்கே எழுதுவது, அங்கே செல்லுமா?
– வாசகர், செங்கோட்டை

நாடு முழுக்கச் செல்லும். உச்ச நீதிமன்ற ஆணைக்கு ஆரியங்காவு எல்லை இல்லை.

18 வயது நிறைந்தவர், தெளிந்த மனநிலையில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுத வேண்டும். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி ஒருவரின் சான்று வாங்க வேண்டும். முன்பு மாஜிஸ்திரேட் தேவைப்பட்டது, இப்போது இல்லை. சாட்சிகள் சொத்தில் பங்கில்லாதவர்களாக இருப்பது நல்லது. முத்திரைத்தாள் வேண்டும் என்று தீர்ப்பு கேட்கவில்லை.

பலர் எழுதும் லிவிங் வில் உதவாமல் போவதற்குக் காரணம், “எனக்குக் கஷ்டம் கொடுக்காதீர்கள்” என்று பொத்தாம் பொதுவாக எழுதுவது. தெளிவில்லை என்றால் மருத்துவக் குழு அதை ஒதுக்கிவைக்கலாம். எந்த நிலையில், எது வேண்டாம் என்று பிரித்து எழுதுங்கள். ‘மீள முடியாத நோயின் இறுதிக் கட்டத்தில், நினைவு திரும்ப வாய்ப்பில்லை என்று மருத்துவர்கள் சொன்னால்: வென்டிலேட்டர் வேண்டாம், இதயம் நின்றால் நெஞ்சை அழுத்த வேண்டாம், டயாலிசிஸ் வேண்டாம்; வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் மருந்து கட்டாயம் வேண்டும்’ என்ற மாதிரி. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மூக்கு டியூப் வழியாக உணவு வேண்டுமா என்பதையும் தனியாக எழுதுங்கள். குடும்பங்கள் அதிகம் சண்டை போடுவது அதில்தான். எழுதியதன் விளைவு புரிந்தே எழுதுகிறேன் என்றும், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்பது தெரியும் என்றும் இருக்க வேண்டும். உங்களுக்காகப் பேச ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் பெயர் கொடுக்கலாம். ஒருவர் வளைகுடாவில் இருந்தால் இன்னொருவர் கட்டாயம் உள்ளூரில் இருக்கட்டும்.

எல்லையில் இருப்பவர்களுக்குத் தனியாக இரண்டு விஷயம். ஒன்று, தமிழில் மட்டும் எழுதினால் புனலூரில் நள்ளிரவில் ஐசியுவில் இருக்கும் மருத்துவருக்குப் படிக்கத் தெரியாமல் போகலாம். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம் என்று ஒரே தாளில் எழுதி ஒன்றாகச் சான்று வாங்குங்கள். இரண்டு, நகல். குடும்ப மருத்துவரிடம் ஒன்று, பெயர் குறித்தவர்களிடம் ஒவ்வொன்று, உள்ளாட்சியில் இதற்கெனக் குறித்த அதிகாரியிடம் ஒன்று. அந்த அதிகாரி யார் என்பதே பல ஊர்களில் தெரியாது. விண்ணப்பமாக எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பீரோவில் பூட்டி வைத்த லிவிங் வில் பதினாறாம் நாள்தான் வெளியே வரும். டிஜிட்டல் சுகாதாரப் பதிவிலும் சேர்க்க அனுமதி உண்டு.

நடைமுறை இப்படி: உங்களால் பேசி முடிவெடுக்க முடிகிற வரை உங்கள் வார்த்தையே போதும், லிவிங் வில்லுக்கு வேலையே இல்லை. நினைவு தப்பிய பிறகு, சிகிச்சை தரும் மருத்துவரும் குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் கொண்ட முதல் குழு பார்க்கும். பிறகு மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவரும் வேறு இரண்டு நிபுணர்களும் கொண்ட இரண்டாம் குழு பார்க்கும். ஒவ்வொரு குழுவும் 48 மணி நேரத்துக்குள் சொல்வது விரும்பத்தக்கது. நிறுத்தும் முன் ஆஸ்பத்திரி மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தர வேண்டும். அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ‘மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி’ என்று தீர்ப்பில் உள்ள பதவிப் பெயர் இரண்டு மாநிலத்திலும் இல்லை. கேரளத்தில் மாவட்ட மெடிக்கல் ஆபீசர், தமிழ்நாட்டில் நலப்பணிகள் இணை இயக்குநர். “அப்படி ஒரு அதிகாரியே இல்லை” என்று ஆஸ்பத்திரி கையை விரித்தால் இந்த அலுவலகங்களைச் சொல்லுங்கள்.

லிவிங் வில் இல்லாதவருக்கும் குடும்பத்தின் சம்மதத்தோடு இதே இரண்டு குழு வழி உண்டு.

பெரியம்மாவை ஐசியுவில் 11 நாள் வைத்திருந்தோம். பணம் தீர்ந்ததும் “சொந்தப் பொறுப்பில் கொண்டுபோகிறோம்” என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்தோம். வீட்டில் ஆறு மணி நேரம் மூச்சுக்குத் திணறிப் போனார். நாங்கள் செய்தது தப்பா?
– வாசகி, குழித்துறை

நீங்கள் செய்தது தப்பில்லை. உங்களுக்கு இன்னொரு வழி சொல்லப்படவில்லை, தப்பு அங்கேதான். அந்தக் கையெழுத்துத் தாள் ஆஸ்பத்திரியின் பொறுப்பைத் துண்டிக்கிறது. பல இடங்களில் அதோடு மருந்தும் துண்டிக்கப்படுகிறது. வழியெல்லாம் ஆம்புலன்சில் மூச்சுப் பலூனை அழுத்திக்கொண்டு வந்து, வீட்டு வாசலில் டியூபை உருவிவிட்டுப் போவது மிகக் கொடிய முடிவு.

இனி இந்த நிலையில் வருகிறவர்கள் இப்படிக் கேளுங்கள்: “இனி குணப்படுத்தும் சிகிச்சை வேண்டாம், வலி நிவாரண சிகிச்சையோடு டிஸ்சார்ஜ் வேண்டும்.” கிளம்பும் முன் நான்கு விஷயம் கையில் இருக்கட்டும். மூச்சுத் திணறலுக்கு மார்பின், அது எப்போது எவ்வளவு என்ற எழுத்து. கலக்கத்துக்கும் தவிப்புக்கும் மருந்து. தொண்டைச் சளி கரகரப்புக்கு மருந்து. ராத்திரி கூப்பிட ஒரு போன் நம்பர். குறைந்த அளவு மார்பின் மூச்சுத் திணறலைத் தணிக்கும், சரியான அளவில் கொடுத்தால் சாவை விரைவுபடுத்தாது. முகத்துக்கு நேரே வீசும் சின்ன மேசை விசிறியும் உதவும். பல நேரம் ஆக்ஸிஜன் சிலிண்டர் அளவுக்கே உதவும்.

வென்டிலேட்டர் வேண்டாம் என்பது பாவமா? பங்குத்தந்தையிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது.
– வாசகி, முளகுமூடு

தயங்காமல் கேளுங்கள். கத்தோலிக்கத் திருச்சபை ஊசி போட்டுக் கொல்வதைத் திட்டவட்டமாக மறுக்கிறது. ஆனால் பலனுக்குப் பொருந்தாத பாரமான சிகிச்சையை நிறுத்துவது ஏற்புடையதாகலாம் என்று அதன் மறைக்கல்வி ஏட்டின் 2278ஆம் பத்தி சொல்கிறது. வலி மருந்து ஆயுளைச் சற்றுக் குறைக்கக்கூடும் என்றாலும், வலியைத் தீர்க்கும் எண்ணத்தில் கொடுக்கலாம் என்று 1957லேயே போப் பன்னிரண்டாம் பயஸ் சொல்லிவிட்டார்.

எங்கள் எஸ்டேட் லயத்தில் ஒரு பாட்டி கடைசி நிலையில் இருக்கிறார். மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. டிரிப்ஸாவது ஏற்றச் சொல்லி அக்கம்பக்கத்தார் ஏசுகிறார்கள். பால் ஊற்றலாமா?
– வாசகர், மூணாறு

சாப்பிடாததால் அவர் சாகவில்லை. செத்துக்கொண்டிருப்பதால் உடம்பு சாப்பாட்டைக் கேட்கவில்லை. இதை அக்கம்பக்கத்தாருக்கு நீங்கள் பல முறை சொல்ல வேண்டியிருக்கும். இந்த நிலையில் ஏற்றும் டிரிப்ஸ் உடம்பில் நிற்காமல் காலில் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும் தேங்கும். அப்போதுதான் தொண்டை கரகரப்பு கூடும். கரகரப்பு கேட்பவர்களுக்குத்தான் பயங்கரம். நினைவில்லாத பாட்டிக்கு அது பெரும்பாலும் தெரியாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பாதி குறையும். குழாய் விட்டு உறிஞ்ச வேண்டாம்.

பால் ஊற்றும் சடங்கை நிறுத்தச் சொல்ல மாட்டோம். ஆனால் விழுங்க முடியாதவர் வாயில் ஒரு சங்கு பால் போனால் அது நுரையீரலுக்குப் போகும், கடைசி மணி நேரம் இருமலிலும் திணறலிலும் கழியும். பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவரும் பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டில் மட்டும் தடவட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஈரப் பஞ்சால் வாயைத் துடைத்து, உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். காது கடைசி வரை கேட்கலாம் என்பதால் கட்டிலுக்குப் பக்கத்தில் அடக்கச் செலவு பேச வேண்டாம்.

அம்மாவின் சிகிச்சையை நிறுத்த நாங்கள் எல்லாரும் சம்மதித்தாலும் துபாயில் இருக்கும் அண்ணன் மட்டும் “எல்லாம் செய்யுங்க” என்கிறார்.
– வாசகி, கொல்லங்கோடு

தூரத்தில் இருப்பவரின் குற்ற உணர்ச்சி அப்படித்தான் பேசும். “அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்” என்று கேட்காமல், “அம்மா வாய் திறந்து பேச முடிந்தால் என்ன சொல்வார்” என்று கேளுங்கள். வீடியோ காலில் மருத்துவரே அவரிடம் பேச ஏற்பாடு செய்யுங்கள். அண்ணன் வந்து முகம் பார்க்க இரண்டு நாள் வேண்டும் என்றால், அந்த இரண்டு நாளுக்கு மட்டும் சிகிச்சையைத் தொடர்ந்து, என்று நிறுத்துவது என்பதை முன்னதாகவே பேசி வைப்பதும் உண்டு.

வீட்டில் இறந்தால் போலீஸ் வருமா? எல்லை தாண்டி இறந்தால் சான்றிதழ் எங்கே?
– வாசகர், கம்பம்

நோயில் இயற்கையாக இறந்தால் போலீஸுக்கு வேலை இல்லை. கடைசியாகச் சிகிச்சை தந்த மருத்துவர் மரணக் காரணச் சான்றை 4ஏ படிவத்தில் தருவார். அதனால் வீட்டில் வைத்துப் பார்க்கும்போதும் ஒரு மருத்துவரின் தொடர்பை விட்டுவிடாதீர்கள். 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். எங்கே இறந்தாரோ அந்த ஊரில்தான் பதிவு: கோட்டயத்து ஆஸ்பத்திரியில் இறந்தால் கோட்டயத்தில். ஓடும் வண்டியில் இறந்தால் வண்டி முதலில் நின்ற ஊரில். மீந்த மார்பின் மாத்திரைகளை எண்ணி, கொடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.